மாஹீத் நாஹீ சாகேப்

அவரிடம் மணி கேட்டால் ஏழு பத்து என்று சொல்ல மாட்டார். “என் வாட்ச்சுல ஏழு பத்து” என்பார். வாட்ச் தப்பாக ஓடினால் அந்தப் பழி தன்மேல் விழக்கூடாது என்பதுபோல ‘என் வாட்ச்சுல’ எப்போதும் முன்னால் வரும். தண்ணீர் கொதித்துவிட்டதா என்று கேட்டால் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வார். புதிதாகக் குடிவந்தவர்கள் பால்காரர் நல்லவரா என்று விசாரித்தால், எனக்கு ஒழுங்காக ஊற்றுகிறார் என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

புனேயின் கட்கியில் முளா ஆற்றை ஒட்டியிருந்த எங்கள் லைன் வீடுகளில், எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒற்றை அறைக்கு அவர் குடிவந்தது எமர்ஜென்சி முடிந்த சமயத்தில். திருநெல்வேலிக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கலாம். வேலை வானிலை அலுவலகத்தில். அந்த வேலையை வைத்துத்தான் லைன் முழுக்க அவரைக் கிண்டல் செய்தது. ஜூன் பிறந்தால் போதும், குழாயடியில் குடத்தோடு நிற்கும் மராத்திப் பெண்கள் அவருடைய சைக்கிளை மறித்து, “சாகேப், பாவூஸ் கதீ?” என்று மழை எப்போது வரும் என்று கேட்பார்கள். “மாஹீத் நாஹீ” என்பார். தெரியாது. பெடலை மிதித்துப் போய்விடுவார். மழை ஆபீசில் சம்பளம் வாங்குகிற ஆளுக்கே மழை எப்போது என்று தெரியாதாம் என்று குழாயடி சிரிக்கும். இரண்டு மழைக்காலம் போவதற்குள் அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், அவர் மாஹீத் நாஹீ சாகேப் ஆகிவிட்டார். அந்தச் சொந்தப் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், நான் இப்படித்தான் இருந்தேன் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று எங்கிருந்தாவது கேட்பார்.

அவரோடு எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது என் கையெழுத்தால். என் அம்மா கன்டோன்மென்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. இறந்துபோன அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அண்ணன் சவரி நாலாம் வகுப்போடு நின்று சைக்கிள் கடைக்குப் போனவன். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் பின்னால் வந்து இங்கே தங்கிவிட்ட எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அதை அடக்கமாகச் சொல்ல நான் பழகவில்லை. அப்போது நான் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். என் ஆங்கில எழுத்தும் எண்களும் அச்சடித்ததுபோல் இருக்கும் என்று கல்லூரியில் பெயர்.

ஒரு நாள் வாசலில் வந்து நின்று என்னைக் கேட்காமல் அம்மாவைக் கேட்டார். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும்போது ஆற்று நாணலில் வலை கட்டிக் குருவி பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டுவிடுவதாகவும், ஒரு கையில் குருவியும் மறு கையில் குறடும் இருப்பதால் எழுதுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருப்பதாகவும் சொன்னார். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியுமா? நானும் வருவேன் என்றாள் அம்மா. வந்தவளால் சும்மா உட்கார முடியவில்லை. குருவிகளைப் போட்டு வைக்கிற சின்னத் துணிப்பைகளை அவரிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கொடியில் தொங்கவிட்டால் போதும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். “குளிருது தம்பி அதுங்களுக்கு” என்றாள். அப்படித்தான் நாங்கள் மூன்று பேர் ஆனோம்.

வாலாட்டிக் குருவிகள்தான் அங்கே அதிகம். மழை ஓய்ந்ததும் வடக்கேயிருந்து வரும். பகலெல்லாம் ஆற்றங்கரையில் துவைக்கிற கல்லருகே வாலை ஆட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, சாயங்காலம் கூட்டமாக நாணலில் அடையும். விடியலில் அவை கிளம்பும்போது வலையில் சில விழும். வலை அத்தனை மெல்லியது. பனி பிடித்தால்தான் நம் கண்ணுக்கே தெரியும். அவர் விரல்கள் குருவியைச் சிக்கெடுப்பதைப் பார்த்தால் நம் மூச்சு நின்றுவிடும். அலுமினிய வளையத்தைக் குறடால் மெல்ல மூடுவார். எண்ணை வாசிப்பார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும், மறுபடி வாசிப்பார். இறகு நீளம், எடை. அப்புறம் வயது, ஆணா பெண்ணா என்ற கட்டங்கள் வரும். பாதிக்கு மேல் குருவிகளுக்கு அங்கே அவர் சொல்வது “தெரியாது, கோடு போடு” என்பதுதான்.

எனக்கு அது பொறுக்காது. காலியாக விட்ட பரீட்சைத்தாள் மாதிரி இருக்கும். “சார், இது ஆண் மாதிரி இருக்கே” என்றேன் ஒரு தடவை. “மாதிரின்னு அதுல கட்டம் இருக்கா?” என்றார். அம்மா பையை அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

குருவிக்கு எதற்கு வளையல் என்று அம்மா முதல் நாளே கேட்டுவிட்டாள். வளையத்தில் எண்ணும், தகவல் அனுப்ப வேண்டிய முகவரியும் இருக்கிறது. எங்கேயாவது யாராவது கண்டெடுத்து எழுதினால் அது அங்கே போனது தெரியும் என்றார். எத்தனை பேர் எழுதுவார்கள் என்று அம்மா கேட்டாள். அநேகமாக யாரும் எழுத மாட்டார்கள் என்றார். செத்த குருவியின் காலை யார் பார்க்கிறார்கள், பார்த்தாலும் வாசிக்க வேண்டும், வாசித்தாலும் எழுத வேண்டும்.

“அப்போ மத்ததெல்லாம் செத்துடுச்சின்னு வெச்சுக்குவியா?”

“வளையம் கைக்கு வராம அப்படி எழுத மாட்டேம்மா. சேதி இல்லேங்கறதுக்குச் சேதி இல்லேங்கறதுதான் அர்த்தம்.”

அம்மா கேட்டது குருவியைப் பற்றி இல்லை என்பது எனக்குத் தெரியும். சவரி போய் அப்போதே சில வருடங்கள் ஆகியிருந்தன. சைக்கிள் கடை முதலாளியோடு ஏதோ சண்டை. பம்பாய் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். பிறகு ஒரு வரிகூட இல்லை. எழுதத் தெரியாதவன் எப்படி எழுதுவான் என்று முதல் வருடம் சொல்லிக்கொண்டோம். எழுதித்தர ஆளா கிடைக்காது என்று அடுத்த வருடம் நினைத்தோம். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் ஏற்கனவே வளையம் போட்டிருந்த ஒரு குருவி வலையில் விழுந்தது. அவர் எண்ணை வாசித்தார். நான் பழைய பக்கத்தைப் புரட்டினேன். முந்தின தை மாதத்தில் அதே நாணலில், அதே வலை கட்டிய இடத்தில் நாங்களே போட்ட வளையம். கோடை முழுக்க வடக்கே எங்கோ இருந்துவிட்டு, இந்த நாட்டில் இருக்கிற அத்தனை ஆற்றங்கரையையும் விட்டு, எங்கள் லைனுக்குப் பின்னால் இருக்கிற இந்த ஒரு துண்டு நாணலுக்கு வந்திருந்தது. அன்றுதான் அவர் எண்ணை மூன்றாவது தடவையும் வாசித்தார். “வழி மறக்காம வூட்டுக்கு வந்துடுச்சு பாரு” என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அவரும் அதற்கு ஒத்துப்போவார் என்று நினைத்தேன். “போன தையில இங்க இருந்துச்சு. இப்பவும் இங்க இருக்கு. நடுவுல என்னன்னு தெரியாதும்மா” என்றார், மிக மெதுவாக, மன்னிப்புக் கேட்பதுபோல.

இன்னொரு வளையம் அதைவிடத் தூரம் போனது. சோவியத் நாட்டில் மலையடிவாரம் ஒன்றில் ஆடு மேய்ப்பவர்கள் கண்டெடுத்து, எத்தனையோ கை மாறி எங்களுக்குத் தகவல் வந்தது. எங்கள் கல்லூரிக் கண்காட்சிக்காக நான் ஒரு பெரிய வரைபடம் போட்டேன். புனேயிலிருந்து இமயமலைக்கு மேலே ஏறி அந்த ஊர் வரைக்கும் சிவப்பு மையில் வளைந்து செல்கிற ஒரு கோடு. பேராசிரியர் தோளில் தட்டிக்கொடுத்தார். பார்க்க வந்த சாகேப் ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றார்.

“இந்தக் கோட்டுல போச்சுன்னு யாரு பார்த்தா?”

“போகாம எப்படி சார் அங்க கிடைக்கும்?”

“போயிருக்கு. எந்த வழியா போச்சுன்னு தெரியாதுல்லா. ரெண்டு புள்ளி வைக்கலாம்.”

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அழவில்லை. கண்காட்சி முடிகிறவரை கோட்டை எடுக்கவும் இல்லை. சுவரிலிருந்து கழற்றிய பிறகு, ஒரு நாள், வேறொரு தாளில் இரண்டு புள்ளி மட்டும் வைத்துப் பார்த்தேன். நடுவில் அவ்வளவு பெரிய வெள்ளை இடம். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பறவைகள் இடம்பெயர்வதைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது புத்தகத்தில் அம்புக்குறிகள் இருக்கின்றன. அவற்றை நான் கரும்பலகையில் போடுவதில்லை.

அவரைத் தேடி யாரும் வந்து நாங்கள் பார்த்ததில்லை. தீபாவளிக்கு லைனே வெடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே ரேடியோவைத் தணிவாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மனைவி ஊரில் இருப்பதாக ஆபீஸ்காரர் ஒருவர் மூலம் காதில் விழுந்தது. “பொண்டாட்டிய எப்பக் கூட்டியாருவ தம்பி?” என்று அம்மா கேட்டதற்கு “தெரியாதும்மா” என்றார். எல்லாவற்றுக்கும் சொல்வதுதானே என்று அம்மா சிரித்துவிட்டாள். பிறகு ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொடுக்க அந்த அறைக்குள் போனோம். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி அவர் உயரத்துக்கு ரொம்பத் தாழ்வாக இருந்தது. அதில் முகம் பார்க்க அவர் முழங்காலை மடக்க வேண்டும். மாட்டியவரும் அவர்தான். வெளியே வந்ததும் அம்மா, பொண்டாட்டியைப் பற்றி நான் கேட்டிருக்கக் கூடாது என்றாள். யாருடைய உயரத்துக்கு என்று நாங்கள் கேட்டதில்லை. அஸ்ஸாம் பக்கம் மாற்றலாகிப் போகிற நாளில் அந்தக் கண்ணாடியைத்தான் முதலில் துணியில் சுற்றி எடுத்துவைத்தார். போன பிறகு ஒரு கடிதமும் எழுதவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் எனக்கு அவர் என்றால் நினைவுக்கு வருவது சவரி விஷயம்தான். அது மாற்றலுக்கு முந்தின வருடம்.

அடுத்த லைனில் இருந்த வெல்டர் மாமா செப்டம்பர் மாதத்தில் பம்பாய் போய்த் திரும்பியவர், நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே, பழ மார்க்கெட்டில், கூடை சுமக்கிறவர்களில் சவரியைப் பார்த்தேன் என்றார். கூப்பிடுவதற்குள் கூட்டத்தில் போய்விட்டானாம். அம்மா அவர் காலில் விழாத குறை. அன்று கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். சவரி போனதிலிருந்து அந்த அடுப்பில் கோழி வெந்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் போய் சாகேப்பையும் கூட்டி வந்தாள். இத்தனை பேர் இருந்தும், அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

அவர் சாப்பிடவில்லை. வெல்டரைப் பார்த்து, “முகத்தைப் பாத்தீங்களா?” என்று கேட்டார்.

“முதுகுதான் தெரிஞ்சுது. ஆனா அந்த நடை அவன் நடைதான் சார். எனக்குத் தெரியாதா?”

“நடை மட்டும் பாத்தீங்க.”

“ஆமா.”

 அம்மா சாகேப்பின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மனசுக்குள் மன்றாடினேன், ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்கள் வாட்ச் ஒரு நிமிடம் தப்பாக ஓடினால் என்ன என்று. அவர் அம்மாவிடம் திரும்பி, சவரிக்கு உடம்பில் அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டார். அவர் சவரியைப் பார்த்ததே இல்லை. இடது கைக் கட்டைவிரல் நுனி, சைக்கிள் செயினில் மாட்டிப் போய்விட்டது என்று அம்மா சொன்னாள். தலையாட்டிவிட்டு எழுந்துபோனார். தட்டு அப்படியே இருந்தது. அம்மா கதவைச் சாத்தினாள்.

அந்தச் சனிக்கிழமை விடிகாலை ரயிலில் அவர் பம்பாய் போனது எங்களுக்குத் தெரியாது. ஞாயிறு சாயங்காலம் கசங்கிய சட்டையோடு வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. இரண்டு நாளும் அந்த மார்க்கெட்டில் நின்றிருக்கிறார். வெல்டர் சொன்ன அதே நடையுள்ள ஆளைக் கண்டுபிடித்து, அவனோடு டீ குடித்து, அவன் கைகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

“ரெண்டு கையிலயும் விரல் முழுசா இருக்கும்மா. சாத்தாராக்காரன். சவரி இல்லை.”

அம்மா கத்தவில்லை. “இத சொல்லத்தான் ரயிலேறிப் போனியா?” என்று மட்டும் கேட்டாள்.  அவர் தன் அறைக்குப் போனார். அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டுச் சப்பாத்தி போகவில்லை. வாலாட்டிகள் வந்து சேர்ந்து நாணல் நிறைந்த பிறகும் நாங்கள் ஆற்றுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியாகக் கம்பும் வலையும் தூக்கிக்கொண்டு போவது ஜன்னலில் தெரியும். அம்மாவின் பக்கம்தான் நியாயம் என்று நான் நினைத்தேன். இருந்தும் அவருக்குக் குருவிக் கணக்கை யார் எழுதுகிறார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அக்டோபர் நடுவில் சித்தி கோர்புரியிலிருந்து வந்தாள். அம்மாவின் தங்கை. கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் மாதா கோயிலில் அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் இறந்தவர்களின் பெயர்களை உபதேசியாரிடம் கொடுத்தால் சாமியார் பூசையில் வாசித்து வேண்டிக்கொள்வார். இந்த வருடம் சவரி பேரையும் கொடுத்துவிடு என்றாள் சித்தி. இத்தனை வருடம் சேதி இல்லை, தாதரில் பார்த்ததும் அவன் இல்லை என்று ஆகிவிட்டது. செத்துப்போயிருந்தால் பூசையில்லாமல் அந்த ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்தில் எத்தனை நாள் தவிக்கும், பெற்றவள் இப்படிச் செய்யலாமா என்று அழுதாள். சித்தி பொல்லாதவள் இல்லை. அவள் சொன்னதில் அம்மாவுக்கு முழு நம்பிக்கை உண்டு, அதுதான் கொடுமை. கொடுக்காவிட்டால் மகனை வேதனையில் விட்டவள் ஆவாள். கொடுத்தால், அவன் உயிரோடு இருந்தால், தானே அவனைச் சாகடித்தவள் ஆவாள். அம்மா சாப்பாட்டைக் குறைத்தாள். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறந்து நிற்பாள். உபதேசியார் இரண்டு தடவை வந்து, அப்புறம் சொல்கிறேன் என்ற பதிலோடு போனார்.

திருநாளுக்கு முந்தின ஞாயிறு காலை, முதல் பூசைக்கு முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பினாள். கடைசி நாள், இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும். பாலத்தருகே வந்ததும் கோயில் பக்கம் திரும்பாமல் கரையில் இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன்.

அவர் நாணலோரம் நின்றிருந்தார். இடது கையில் ஒரு மஞ்சள் வாலாட்டி, வாயில் பென்சில், அக்குளில் அட்டை. எங்களைப் பார்த்ததும் பென்சிலை எடுத்தார்.

“தம்பி, பேர் கேக்குறாங்க. சவரி பேர செத்தவங்களோட குடுக்கட்டுமா, வேணாமா?”

 அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஒரு மாதத்தில் அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அடுத்த வீட்டிலேயே இருந்தும் அவர் அதை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்க்கிறார். உதடு என்னவோ செய்தது.

“குடுக்காதீங்கம்மா” என்றார். “வந்துருவான்.”

அந்த வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்போம். அவர் குரலில் அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. இருட்டில் படி இருக்கிறது என்று கால் வைத்து ஏமாந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

அம்மா அவரையே உற்றுப் பார்த்தாள்.

“ஒனக்குத் தெரியுமா?”

அவர் தலை குனிந்தார்.

“வருவான்னு சொல்றதுக்கு லைன் பூரா ஆளு இருக்குது தம்பி. செத்துட்டான்னு சொல்ல என் தங்கச்சி இருக்கா. தெரியாதுன்னு சொல்ல நீ ஒருத்தன்தான் இருந்த. நீயும் இப்டிச் சொன்னா, நாளைக்கு இன்னொருத்தன் வந்து அவனப் பாத்தேன்னு சொல்லும்போது நான் யாரப் போயிக் கேப்பேன்?”

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரயில் ஒன்று போனது. அது போய் முடிந்ததும் அம்மா மறுபடி கேட்டாள்.

“இப்ப சொல்லு. இருக்கானா, இல்லியா?”

“தெரியாதும்மா.”

“ஆங்” என்றாள் அம்மா. நல்ல சேதி கேட்டவள்போல ஒரு முறை தலையாட்டினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பேரை எழுத வேண்டாம், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள். சித்திக்கு என்ன பதில் சொல்வாய் என்று கேட்டேன். அவளுக்கும் இதேதான் என்றாள். என்னைப் பார்த்து, “நீ இங்கியே இரு. அவரு வாயில பென்சில வெச்சுக்கினு நிக்கிறாரு” என்று சொல்லிவிட்டுக் கரையேறினாள்.

அவள் தனியாகப் பாலத்தில் ஏறிக் கோயில் பக்கம் திரும்பி மறைகிறவரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். கையில் குருவி இருப்பதை மறந்துவிட்டிருந்தார். வளையம் போட்டாகிவிட்டது, எண்ணும் எழுதியாகிவிட்டது. ஒரு கணம் அதிகமாக எந்தக் குருவியையும் அவர் பிடித்துவைத்து நான் பார்த்ததில்லை.

நான்தான் சொன்னேன்: “சார், அத விட்ருங்க.”